மழைக்கு முந்தின வாரம்

காலையில் பேப்பர் வந்தால் நான் முதலில் பார்ப்பது
ஏழாம் பக்கத்தின் கீழ்மூலை.
ரப்பர், நாலாம் தரம், நேற்றைவிட ஒன்றரை ரூபாய் குறைவு.
உலகத்தில் மற்றதெல்லாம்
அதற்குப் பிறகு நடந்தால் போதும்.

விலை இறங்கினால்
"இந்த வருசம் பிளாஸ்டிக் கெட்டலை எக்கா" என்பார்கள்.
ஏறினாலோ
"கெட்டணும், பைசா பொறவு தாறேன்."
பொன்மனை தொபியாஸ் போன மழைக்கு வாங்கியது
இன்னும் பற்றுநோட்டின் முதல் பக்கத்தில்
காயாமல் கிடக்கிறது.
குலசேகரம் சந்தை முக்கில்
பால்வெட்டுக் கத்தி, சிரட்டைக் கம்பி, ஆசிட் கேன்,
மரத்துக்குப் பாவாடை கட்டும் பிளாஸ்டிக்
விற்கிறவளுக்கு
நல்ல செய்தி என்று தனியாக ஒன்று கிடையாது.

ஐந்து நாள் முன்னதாகவே வருகிறதாம் இந்த முறை.
டிவியில் வரைபடத்தின் வால்நுனியை
ஒரு பச்சைப் புகை மூடிற்று.
அந்த நுனியில்தான் நான் ஷட்டர் திறக்கிறேன்.

பஹ்ரைனிலிருந்து வில்பிரட் குரல் அனுப்பினார்:
"அங்க மழையா பிள்ளே? இஞ்ச ஏசி கெட்டுப் போச்சு,
குழாய்த் தண்ணியில சாயா போடலாம்."
இரண்டு வருசமாக எங்கள் தாம்பத்தியம்
ஒரு நிமிடம் பத்து நொடித் துண்டுகளில் நடக்கிறது.
கேட்டேன் என்பதற்கு
நீலக் குறி போதும் என்று நினைக்கிறார்.
நானும்தான்.

கோட்டயம் கம்பெனி போனை எடுக்கவில்லை.
முன்பணம் கொடுத்துப் பத்து நாள்.
பி.காம் இரண்டாம் வருசம் படிக்கும் ஜெஃப்ரினா
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்.
"லோடு வரலேன்னா இது நஷ்டம்.
வந்தா இது கடன்.
ரெண்டும் ஒரே நம்பர்தாம்மா."
சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு
ஆற்றூர் வழி மார்த்தாண்டம், களியக்காவிளை,
பிறகு தம்பானூர், ரயில்.

எதிர் இருக்கைக்காரர் மலையாளப் பத்திரிகை விரித்தார்.
எனக்குப் பேச வரும், படிக்க வராது.
சுருண்டு சுருண்டு போகும் எழுத்துகளுக்கு நடுவே
எண்களை மட்டும் தேடிக்கொண்டு போனேன்.
கீழ்மூலையில் இருந்தது.
அதே ஒன்றரை ரூபாய்
எல்லை தாண்டியும் கூடவே வந்திருக்கிறது,
டிக்கெட் எடுக்காமல்.

மேனேஜர் நல்ல மனிதர். ஒரு கட்டன் சாயா தந்தார்.
மிஷின் ரிப்பேர், வெள்ளிக்கிழமை உறப்பு என்றார்.
கையோடு கொண்டுபோக ஒரு சாம்பிள் சுருள்.
எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க
ரயில் கொல்லம் தாண்டின பிறகுதான் தோன்றியது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
கடைசி பஸ்ஸுக்கு நின்றபோது விழுந்தது முதல் மழை.
தூறிப் பார்க்கவில்லை, ஒரேயடியாய்.
எத்தனை மரத்தில் இப்போது சிரட்டை நிரம்பி
பாலும் வெள்ளமுமாய் வழியும் என்று
ஆற்றூர் வரைக்கும் கணக்குப் போட்டேன்.
பிறகு என் முழங்கை நனைவது தெரிந்தது.
பஸ் ஜன்னல் பாதியில் சிக்கி நின்றது.
சாம்பிள் சுருளைப் பிரித்து
கம்பிக்கும் கூரைக்கும் இடையில் செருகினேன்.
நின்றது மழை, எங்கள் இருக்கைக்கு மட்டும்.

முன்சீட்டில் நீலச் சேலைக்காரி,
மடியில் தூங்குகிற பிள்ளை, அதன் தலையில் ஒரு துண்டு.
திரும்பிப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள்.
"நல்ல கனம் இருக்கே. எங்க கெடைக்கும்?"
"எனக்க கடையில."
"மரம் இருவதுதான் உண்டு எனக்கு.
இப்பக் கொஞ்சம் தருவியளா, இந்தச் சன்னலுக்கு?"

திருவட்டாரில் அவள் இறங்கும்போது
பிளாஸ்டிக்கையும் பிள்ளைமேல் போர்த்திக்கொண்டு போனாள்.
பேரைக் கேட்க மறந்துவிட்டேன்.
இருட்டில், ஆடுகிற பஸ்ஸில், தொபியாஸுக்குக் கீழே எழுதினேன்:
நீலச் சேலை, திருவட்டார்,
நாலு மீட்டர்.
பணம் பிறகு.